ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒன்பது மணி நேரம்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்கூட வந்த இரண்டு பேரும் பின்னூட்டத்தில் வந்து சொல்லிவிடுவார்கள். பஸ் ஸ்டாப்பில் ஐந்து நிமிஷம் நிற்கச் சொன்னால் அடுத்த ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பித்துவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவள், நாற்பது வருஷத்து அம்பாசிடர் ஒன்றில் இருநூறு கிலோ பேண்டேஜ் துணியை ஏற்றிக்கொண்டு, தர்மபுரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓர் இல்லத்துக்கு நானூற்றுப் பத்து கிலோமீட்டர் போய் வந்தேன். போன வைகாசிக் கடைசி வெள்ளிக்கிழமை கிளம்பியது. நன்கொடைப் பொருளைத் தாங்களே காரில் கொண்டுபோய்க் கொடுக்க நினைக்கிறவர்கள் எப்படிப் போனீர்கள், என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஆனது எல்லாவற்றையும் எழுதுகிறேன், என் மானம் போனாலும் பரவாயில்லை.

ஏன் போனோம் என்பதைச் சொல்ல என் அண்ணனிடமிருந்து தொடங்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணன் ஓட்டிப் போன லாரி தர்மபுரிப் பக்கம் கவிழ்ந்தது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போயிற்று. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டபோது, அங்கேயே ஒரு கிராமத்தில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை வைத்துப் பார்க்கிற ஓர் இல்லம் அவனை எடுத்துக்கொண்டது. முப்பது கட்டில், மூன்று நர்ஸ். கடைசிப் பதினோரு மாதம் அண்ணன் அங்கேதான் இருந்தான், அங்கேதான் கண்ணை மூடினான். படுத்தே கிடப்பவர்களுக்கு முதுகில் புண் வரும். தினமும் காலை ஏழு மணிக்குப் பழைய கட்டைப் பிரித்துப் புதுக் கட்டுப் போட வேண்டும். மாதம் ஒரு தடவை பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு தடவை நான் பக்கத்தில் நிற்கும்போது சிஸ்டர் லில்லி கட்டைப் பிரித்தார். துணி வரவில்லை. தோள்பட்டைக்குக் கீழே இருந்த புண்ணோடு ஒட்டிக்கொண்டு தோலையும் சேர்த்து இழுத்தது. அங்கேயெல்லாம் அவனுக்கு உணர்ச்சி இருந்தது. அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கழற்றிப் போட்ட துணியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன். கஞ்சி போட்ட துணி! யாரோ தர்மத்துக்குக் கொடுத்தது, தீருகிற வரைக்கும் இதைத்தான் போட்டாக வேண்டும் என்றார் சிஸ்டர். நான் வாசலுக்கு வந்து, இதைக் கொடுத்தவன் கை அழுகிப் போகட்டும், அவனும் இப்படிக் கிடந்து கத்தட்டும் என்று மண்ணை வாரித் தூற்றினேன். வாட்ச்மேன் பயந்து எழுந்து நின்றுவிட்டார்.

எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததற்குக் காரணம், என் வேலையே அதுதான். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் வீட்டுக்கு வீடு பேண்டேஜ் துணி ஓடுகிற தறிச் சத்தம் கேட்கும். அங்கே ஒரு யூனிட்டில் பத்தொன்பது வருஷமாகச் செக்கிங் பார்க்கிறேன். வெளுத்து வந்த துணியில் ஒரு துண்டை வெட்டி, வாளித் தண்ணீரில் போட்டு எண்ண வேண்டும். பத்து எண்ணுவதற்குள் மூழ்கிவிட்டால் நல்ல துணி, புண்ணின் ஈரத்தைக் குடிக்கும். மிதந்தால் குடிக்காது. ஈரம் உள்ளேயே நின்று காய்ந்து பசையாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு நூறு துண்டாவது போட்டு எண்ணுகிறவள் நான்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை சாயங்காலம் சிஸ்டர் லில்லி போன் செய்தார். வழக்கமாகத் துணி வருகிற இடத்தில் நின்றுபோய்விட்டதாம். "வெள்ளிக்கிழமை வரைக்கும்தாங்க இருக்கு. சனிக்கிழமை காலையில பழசைத்தான் அவிச்சுப் போடணும். உங்க ஊர்ல ஏதாச்சும் கிடைக்குமாங்க?" என்றார். லாரி ஆபீசில் கேட்டால் நாலு நாள் ஆகும் என்றார்கள். எங்கள் முதலாளியிடம் போய் நின்றேன். "இருக்கிற சரக்குல இருபது பண்டல் எடுத்துக்கோம்மா" என்றார். பண்டல் ஒன்று பத்து கிலோ. வண்டிக்கு என்ன செய்ய?

வண்டிக்கு விஜயா. எட்டாம் வகுப்பிலிருந்து நானும் விஜயாவும் ரூபியும் ஒன்றாகத் திரிகிறோம். விஜயா ராஜபாளையத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் வீட்டில் ஒரு பழைய அம்பாசிடர் நிற்கிறது. பாத்திரம் கழுவுகிற மாதிரி வாரா வாரம் அதைக் கழுவி வைப்பாள், ஐம்பதுக்கு மேல் முள் போக விடமாட்டாள். ரூபி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுக்கும் ஓட்டத் தெரியும். எனக்கு ஓட்டத் தெரியாது. விஜயா எனக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுத்துப் பார்த்து, "நீ பின்சீட்டுக்குத்தான்டி லாயக்கு" என்று விட்டுவிட்டாள்.

திட்டம் என்னுடையது. வெள்ளி காலை ஐந்துக்குக் கிளம்புவது, மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தர்மபுரி, சாயங்காலம் ஆறுக்குள் இல்லம். வியாழன் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் காரை யூனிட்டுக்கு வரவழைத்து, சுவரோரம் அடுக்கியிருந்த இருபது பண்டலை நானே முன்னே நின்று, "ம், சீக்கிரம், சீக்கிரம்" என்று ஏற்றினேன். டிக்கியில் எட்டு, பின்சீட்டில் ஆறு, மேலே கேரியரில் தார்ப்பாய்க்கு அடியில் ஆறு. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

வெள்ளி காலை நாலே முக்காலுக்கு நான் விஜயா வீட்டு வாசலில் நின்றேன். அவள் மாமியார் வெளியே வந்து, ஆறு மணிக்குத்தான் நல்ல நேரம், அதற்கு முன்னால் சக்கரம் உருளக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டில் தெலுங்கு. "தொந்தர படொத்தும்மா" என்று என் கையில் காப்பியைக் கொடுத்தார். அவசரப்படாதே என்று அர்த்தம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சொல்கிற ஒரே வார்த்தை அதுதான். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஆரத்தி சுற்றி, ஆறு மணி அடித்த பிறகுதான் வழி விட்டார்கள்.

அடுத்து ரூபி. அவர்கள் சர்ச் ஐயர், அதாவது பாதிரியார், காருக்கு ஜெபம் பண்ணாமல் அனுப்பமாட்டாராம். ஐயர் எங்கள் மூன்று பேருக்கும், காருக்கும், வழியில் வருகிற லாரிகளுக்கும், அந்த இல்லத்தின் முப்பது கட்டிலுக்கும் தனித்தனியாக ஜெபித்தார். ஆறே முக்கால். அதற்குள் எங்கள் யூனிட்டில் தறி ஓட்டுகிற அக்கா ஒருத்தி போன்: "எக்கா, சேத்தூர்ல இருந்து மாம்பழம் கொண்டு வாரேன். நர்ஸம்மாருக்குக் குடுக்கணும். செத்த நேரம் நில்லுங்க, இந்தா வந்துட்டேன்." இந்தா வந்துட்டேன் என்றால் எங்கள் ஊரில் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை என்று பொருள். அவள் வீட்டுக்காரர் பைக்கில் பெட்டியோடு வந்து சேர்ந்தபோது மணி ஏழரை.

"காலில வெந்நியக் கொட்டிக்கிட்டு நிக்காதட்டி. போயிருவோம்" என்றாள் ரூபி. நான் பண்டல்களுக்கு நடுவில் மாம்பழப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, விஜயாவின் கழுத்தைப் பின்னாலிருந்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம் மலை கூடவே வந்தது. பால் வண்டி எங்களை முந்தியது. கல்லூரி பஸ் முந்தியது. வன்னியம்பட்டிப் பக்கம் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்றும் முந்தியது. அந்த டிராக்டரை நான் மன்னிக்கவே மாட்டேன்.

எட்டு பத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் கார் மூச்சு விட ஆரம்பித்தது. முன்பக்கமிருந்து ஆவி. விஜயா ஓரங்கட்டி பானட்டைத் தூக்கினால், ரேடியேட்டரிலிருந்து வருகிற ரப்பர் ஹோஸ் கிழிந்து தண்ணீர் ஊற்றுகிறது. வாரா வாரம் வெளியே தேய்த்துத் தேய்த்துக் கழுவியவள் உள்ளே இருந்த ஹோஸை மாற்றவே இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் வந்திருந்தோம். முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு பாக்கி.

நல்ல வேளை, நூறு அடியில் ஒரு பட்டறை. காசி அண்ணாச்சியின் பட்டறை ஒன்பது மணிக்குத் திறந்தது. அவர் எட்டிப் பார்த்து, "இந்த வண்டிக்கு ஹோஸு இங்க கிடைக்காதும்மா. ராஜபாளையத்துல ஒரு கடையில இருக்கும்" என்றார். எங்கிருந்து வந்தோமோ அங்கே! கடைக்குப் போன் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொன்னார். அதுவரைக்கும் கிழிசலைச் சுற்றிப் பழைய ட்யூப் ரப்பரை இறுக்கிக் கட்டி, தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். ஒழுகியது. அணைத்தார். "ஆறட்டும். யாரும் தொடாதீக. டீ குடிச்சிட்டு வாரேன்."

விஜயாவும் ரூபியும் நிழலில் உட்கார்ந்து இட்லி தின்றார்கள். விஜயா ஊருக்கு வந்த விருந்தாளி மாதிரி கால் கிலோ பால்கோவா வாங்கி வந்து, "ஏட்டி, சூடா இருக்கு, தின்னுட்டுக் கத்து" என்று நீட்டினாள். எனக்கு இறங்குமா? தூரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்தது. வேண்டிக்கொள்ளக்கூடப் பொறுமை இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு தடவை நடந்து போய், வந்த பஸ் கண்டக்டர்களிடம் எல்லாம் ஹோஸ் வந்ததா என்று கேட்டேன். ஒருத்தர், "நீங்க தேடுற ஆளு பேரு ஹோஸா?" என்றார்.

பத்து மணி. திரும்பி வந்தால் அண்ணாச்சியை இன்னும் காணோம். சரி, நாமே தண்ணீர் ஊற்றி, ஒழுக ஒழுக ஊற்றிக்கொண்டே போய்விடலாம் என்று ஒரு யோசனை. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கந்தையைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். கொதிக்கிற தண்ணீர் எழும்பி என் வலது முன்னங்கை முழுக்க அடித்தது. "ஆத்தாடி!" என்று நான் போட்ட கூச்சலுக்கு எதிர்த்த டீக்கடை முழுக்க எழுந்துவிட்டது.

ரூபி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவள். கையைப் பட்டறைக் குழாயடியில் பிடித்து இருபது நிமிஷம் கடிகாரம் பார்த்துத் தண்ணீரை விட்டாள். "எலும்பு வரைக்கும் போகல. ஈரத் துணி போட்டு மூடணும். பண்டல்ல ஒண்ணப் பிரி விஜயா, நம்மகிட்ட இல்லாத பேண்டேஜா" என்றாள். விஜயா ஒரு பண்டலைக் கிழித்து ஒரு கஜம் இழுத்துக் கொடுத்தாள். ரூபி அதை நாலாக மடித்து என் கையில் வைத்து, டம்ளரில் நல்ல தண்ணீர் எடுத்து மேலே ஊற்றினாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் ஓடுகிற மாதிரி முத்து முத்தாக உருண்டு என் முழங்கை வழியாகக் கீழே சொட்டியது.

"ஏட்டி, இது தண்ணி குடிக்க மாட்டேங்குதே" என்றாள் ரூபி.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் இடது கையால் ஒரு துண்டைக் கிழித்து அண்ணாச்சியின் வாளியில் போட்டேன். எண்ணினேன். பத்து. இருபது. அறுபது. படகு மாதிரி மிதந்தது. இன்னொரு பண்டலைப் பிரித்தேன், மிதந்தது. டிக்கியில் ஒன்று, கேரியரில் ஒன்று. எல்லாம் மிதந்தன. விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டியதே இல்லை, ஆனாலும் தேய்த்தேன். கஞ்சி.

சிவகாசியில் நோட்டுப் புத்தகம் தைக்கிறவர்களுக்கு, நோட்டின் முதுகில் ஒட்ட இதே மாதிரித் துணியில்தான் கஞ்சி போட்டுக் கொடுப்போம். அதே வெள்ளை, அதே அகலம், அதே கட்டு. வியாழக்கிழமை சிவகாசிச் சரக்கும் அதே சுவரோரம்தான் அடுக்கியிருந்திருக்கிறது. இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று நான் பார்க்கவில்லை. ஏன் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் யூனிட்டில் விற்கிற சரக்கைத்தான் போட்டுப் பார்ப்போம். பில் போட்டால் சோதனை உண்டு. இதற்குப் பில் இல்லை, தர்மத்துக்குப் போகிறது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட இலவசமாகக் கொடுக்கிற துணியை நான் வாளியில் போட்டதில்லை. அன்றைக்கும் தோன்றவில்லை.

விஜயா என்னைப் பார்த்தாள். "ஏட்டி முத்து, காசு குடுத்து வாங்குறவன்னா பத்து எண்ணுவ. சும்மா வாங்குறவியன்னா ஒண்ணுகூட எண்ண மாட்டியோ?" என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள். எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. கை எரிந்ததற்கு அழுகிறேன் என்று டீக்கடைக்காரர் ஐஸ் கட்டி கொண்டுவந்து கொடுத்தார். ஐந்து மணிக்கு நான் நினைத்தபடி கிளம்பியிருந்தால் சாயங்காலம் இறங்கியிருப்போம், மாம்பழமும் சிரிப்பும் கும்பிடுமாகக் கொடுத்துவிட்டு மறுநாள் காலை திரும்பியிருப்போம். அதே ஏழு மணிக்கு முப்பது பேர் புண்ணிலும் இந்தத் துணி ஏறியிருக்கும். யார் மேல் மண்ணை வாரித் தூற்றினேனோ அந்த ஆள் நான்தான். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"துவைச்சாக் கஞ்சி போயிராதா? இப்படியே கொண்டு போவோமா?" என்று விஜயா கேட்டுப் பார்த்தாள். "அங்க குடிக்கவே லாரித் தண்ணி. இருநூறு கிலோவ யாரு அலசுவா?" என்றாள் ரூபி. அப்போதுதான் எனக்கு அடுத்த இடி உறைத்தது. நாங்கள் சிவகாசிச் சரக்கை எடுத்து வந்துவிட்டோம் என்றால், நல்ல துணி சிவகாசிச் சரக்கு என்று அங்கே நிற்கிறது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டெம்போ அதை ஏற்றிக்கொண்டு கிளம்பும். மணி பத்து ஐம்பது.

யூனிட்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். நாலாவது தடவை வாட்ச்மேன் எடுத்து, "டெம்போ ஏத்தி முடிச்சாச்சே, இந்தா கேட்டத் தாண்டுது" என்றார். "நிறுத்துங்க! ஓடிப் போய் மறிங்க!" என்று நான் கத்திய கத்தலில் காசி அண்ணாச்சி கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. வாட்ச்மேன் ஓடினார். போனில் அவர் செருப்புச் சத்தமும் மூச்சும் மட்டும் கேட்டது. பிறகு டெம்போ டிரைவர் கோமதிநாயகத்தின் குரல்: "என்னக்கா? நான் சிவகாசிக்கு ஒரு மணிக்குள்ள போவணும்லா."

"தம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாப் போ. இங்க ராஜபாளையம் ரோட்டுல பட்டறை வாசல்ல நிக்கோம். ஓஞ் சரக்கு எங்கிட்ட இருக்கு, எஞ் சரக்கு ஓங்கிட்ட இருக்கு."

"எம்புட்டு நேரமாகும்?"

"மாத்துற நேரந்தான். ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"புண்ணியத்த வச்சு முதலாளிகிட்ட என்னத்தச் சொல்ல? சரி, வாரேன், வாரேன்" என்று வைத்தான்.

கண்டக்டரிடம் வந்த முதல் ஹோஸ் அளவு சேரவில்லை. இரண்டாவது ஹோஸும், வழியில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்த டெம்போவும் பன்னிரண்டு நாற்பதுக்கு ஒன்றாக வந்து நின்றன. சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை, மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணாச்சி ஹோஸ் மாட்ட, கோமதிநாயகமும் டீக்கடையில் நின்ற இரண்டு பேரும் பண்டல்களைக் கைமாற்றினார்கள். காருக்குள் ஏற்றும் முன்னால் நான் குறுக்கே நின்றுகொண்டேன். ஒவ்வொரு பண்டலிலும் ஒரு ஓரத்தைப் பிரித்து, ஒரு துண்டு வெட்டி, வாளியில் போட்டு எண்ணினேன். வலது கையில் கட்டு, இடது கையில் கத்தரி. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்பதற்குள் முதல் துண்டு அடியில் போய் உட்கார்ந்தது. அடுத்தது. அடுத்தது.

ஏழாவது பண்டலில் விஜயா ஹாரன் அடித்தாள். "ஏட்டி, எல்லாம் ஒரே சரக்குதானே. மணி ஒண்ணேகால். கிளம்புவோமா?"

"பொறு" என்றேன்.

ரூபி தலையை வெளியே நீட்டி, "இந்த வார்த்தை ஓன் வாயில இருந்து வருதா?" என்றாள். இருபதும் மூழ்கிய பிறகுதான் தார்ப்பாயைக் கட்ட விட்டேன். கோமதிநாயகம் வண்டியை எடுக்கும்போது, "அக்கா, மறுபடியும் மாத்திக் குடுத்திராதீக" என்று சொல்லிவிட்டுப் போனான். அண்ணாச்சி ஹோஸுக்கு மட்டும்தான் காசு வாங்கினார். கூலி கேட்டதற்கு, "அங்க கிடக்கவியளுக்குத்தானே, போய்ட்டு வாங்க" என்றார். அவருக்கு நாலு மாம்பழம் கொடுத்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டுக் கிளம்பியபோது மணி சரியாக இரண்டு. ஐந்துக்குக் கிளம்புவதாக இருந்த எனக்கு முதல் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது.

மிச்ச முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிலோமீட்டரில் எழுத அவ்வளவாக ஒன்றுமில்லை. கிருஷ்ணன்கோயில், கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மதுரையைச் சுற்றிக்கொண்டு நாலுவழிச் சாலையில் ஏறினோம். ஒவ்வொரு நாற்பது கிலோமீட்டருக்கும் நிறுத்தி ரேடியேட்டரைப் பார்த்தாள் விஜயா. நான் தொடவில்லை. நாமக்கல் போய்ச் சேர ஒன்பதே கால் ஆனது, அங்கே ஒரு லாட்ஜில் மூன்று பேருக்கு ஆயிரத்து இருநூறு. காலை நாலுக்கு எழுந்து மிச்ச நூற்று நாற்பது கிலோமீட்டர். சேலம் தாண்டியதும் ஐம்பதிலேயே நின்ற முள்ளை விஜயா எனக்காக அறுபதுக்குத் தூக்கினாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. இல்லத்து வாசலில் ஆறு ஐம்பத்தைந்துக்கு நின்றோம்.

உள்ளே அடுப்பில் பழைய துணி அவிந்துகொண்டிருந்தது. சிஸ்டர் லில்லி எங்களைப் பார்த்ததும் முதலில் அடுப்பைத்தான் அணைத்தார். அண்ணன் கிடந்த கட்டிலில் இப்போது ஒரு பெரியவர். ரூபியும் கை கழுவிக்கொண்டு கட்டுப் போட நின்றுவிட்டாள். பெரியவருக்கு முந்தின நாள் போட்ட பழைய கட்டை நனைத்துப் பிரித்து, புது மடிப்பை வைத்தார்கள். அவர் ஏதாவது சத்தம் போடுவாரோ என்று நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் கையைப் பார்த்து, "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

காப்பி குடிக்கும்போது சிஸ்டரிடம் கேட்டேன். அண்ணன் இருந்தபோது அந்தக் கஞ்சித் துணியைக் கொடுத்தது யார் என்று. அவருக்கு நினைவு இருக்காது என்றுதான் நினைத்தேன். இருந்தது.

"மூணு பசங்க. எங்கியோ தூரத்துல இருந்து ஒரு பழைய வேன்ல வந்தாங்க. வழியெல்லாம் வண்டி மக்கர் பண்ணிச்சாம், ரெண்டு நாளு தூங்கலைன்னாங்க. அவங்க சம்பளத்துல வாங்குனதாம். எறக்கி வச்சுட்டு இதே திண்டுலதான் உக்காந்து காப்பி குடிச்சாங்க. அவ்ளோ சந்தோஷம் அவங்களுக்கு. அப்புறம் போட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. அதைப் போய் எப்படிங்க அவங்ககிட்ட சொல்றது?" என்றார்.

நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். அன்றைக்கு மண்ணை வாரிய அதே இடம். வாட்ச்மேன் என்னை அடையாளம் கண்டு இந்தத் தடவையும் எழுந்து நின்றார்.

இனி, இதேபோல் போக நினைக்கிறவர்களுக்கு. பழைய அம்பாசிடர் பாரம் ஏற்றினால் லிட்டருக்கு ஒன்பதுக்கு மேல் தராது. போக மட்டும் நாற்பத்தைந்து லிட்டர் பெட்ரோல் ஆயிற்று. சுங்கச் சாவடிக்குத் தனியாக எடுத்து வையுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஹோஸ், பெல்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள், பழையதைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வையுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவைக் காலையில் வாங்கினால்தான் சூடாகக் கிடைக்கும், வெயிலில் மறுநாள் தாங்காது. காலையில் நல்ல நேரம் பார்க்கிற மாமியார் இருந்தால் அவர் சொன்ன நேரத்தையே கிளம்பும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள், சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. சூடான ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். என் கையில் தழும்பு இருக்கிறது.

எதைக் கொண்டுபோனாலும், அங்கே இருப்பவர்களிடம் என்ன வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். துணி என்றால் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பத்து எண்ணுங்கள். மருந்து என்றால் தேதி பாருங்கள். அரிசி என்றால் கொஞ்சம் வடித்துச் சாப்பிட்டுப் பாருங்கள். இப்போது எங்கள் யூனிட்டில் சும்மா கொடுக்கிற பண்டலுக்கும் வாளி உண்டு. முதலாளியிடம் கேட்கவில்லை, நானே வைத்துவிட்டேன்.

அந்தப் பழைய வேனில் வந்த மூன்று தம்பிகளில் யாராவது ஒருத்தர் இதைப் படிக்கலாம். உங்கள் துணி என்ன ஆயிற்று என்பதை நான் எழுதியிருக்கவே கூடாது, ஆனால் எழுதாமல் அடுத்தவர்களை எப்படி எச்சரிப்பது என்று தெரியவில்லை. உங்கள் கை அழுகட்டும் என்று சொன்னேன். அதை அந்த வாசலிலேயே திரும்ப வாங்கிக்கொண்டேன் தம்பி. உங்கள் கைக்கு ஒன்றும் வராது. ஊர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், ஒரு வாளித் தண்ணீர் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.